ஏறுதலும் ஏற்றப்படுதலும்: கண்ணகியின் விண்ணேற்றமும் யூத மறைஞான மரபும்

1. முன்னுரை

சிலப்பதிகாரத்தில் கண்ணகி குன்றேறி விண்ணுலகு சென்ற நிகழ்ச்சி ஆய்வாளர்களால் பெரிதும் இரு நோக்கில் அணுகப்பட்டு வந்துள்ளது. அவள் ஏறிய குன்று எது என்பது ஒன்று. அவள் எய்திய நிலை யாது என்பது மற்றொன்று. முதல் வினாவிற்குப் பழைய உரையாசிரியர் காலந்தொட்டே விடைகள் பலவாக உள்ளன. இரண்டாம் வினாவிற்கு ‘வீடுபேறு’ என்றோ, ‘ஆன்ம ஈடேற்றம்’ என்றோ பொதுப்பட விடை கூறி அமைவது ஒப்பியல் நோக்கில் எழுதுவாரிடம் காணப்படும் ஒரு போக்காகும். உலகச் சமயங்கள் யாவற்றிலும் உயிர் படிப்படியாக மேலேறுகின்றது; யூத மறைஞானியரின் விண்ணேற்றமும் அத்தகையது; கண்ணகியின் விண்ணேற்றமும் அத்தகையதே என்று இவ்வாதம் செல்கின்றது.

இவ்வொப்பீடு மேற்போக்கில் எளிதாயினும் இரு மரபுகளுக்கும் நீதி செய்வதாக இல்லை. யூத மரபில் ஏற்றம் ஒரு வகைத்தன்று. சிலம்பிலோ கண்ணகி ஒரு படியேனும் ஏறிப் பயின்றவளாகக் காட்டப்படவில்லை. விண்ணேற்றத்தைக் குறிக்க இவ்விலக்கியங்கள் ஆளும் வினைச்சொற்களை உற்றுநோக்கின் இவ்வேறுபாடு புலனாகும். அவ்வினைச்சொற்களின் வழிநின்று, சிலம்பில் ஏற்றம் உயிர் வளர்ச்சியின் முடிவன்று, அதன் தொடக்கமே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மலையும் பெயரும்

கேரள மாநிலத்தின் தமிழக எல்லையோரப் பகுதிகளில் கண்ணகி வழிபாடு இன்றும் உயிர்ப்புடன் விளங்குகின்றது. இடுக்கி மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் உள்ளே, தேனி மாவட்ட எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கோயில் சிதைந்த கற்கட்டடமாக உள்ளது. சி. கோவிந்தராசனார் 1963இல் இதனைச் சிலம்பு கூறும் கண்ணகி கோட்டமென அடையாளங்கண்டு அறிவித்தார். வரந்தரு காதையில் ‘மங்கலமடந்தை கோட்டம்’ எனும் பெயர் வருதலும் ஈண்டுக் கருதத்தக்கது. ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுமதியன்று மட்டும், மக்கள் இங்கு வழிபட இசைவு அளிக்கப்படுகின்றது. குமுளி வழியாகவும் கூடலூரை அடுத்த பளியன்குடி வழியாகவும் அன்று இருமொழி மக்களும் ஏறுகின்றனர். கோயில் எம்மாநிலத்திற்குரியது என்னும் வழக்கு நெடுங்காலமாக நிலவி வருகின்றது.

வடக்கே பாலக்காட்டு நகரில், மூத்தாந்தறையில், இத்தெய்வம் ‘கர்ணகியம்மன்’ என வழங்கப்படுகின்றது. இப்பெயர் வடிவம் மொழியியல் நோக்கில் சுவையானது. வடமொழிக் ‘கர்ண’ என்பது பிராகிருதத்தில் ‘கண்ண’ என ஆதல் இயல்பு. அதனை அறிந்தவர், இயல்பாகவே ணகர இரட்டைகொண்ட ‘கண்ணகி’யையும் வடசொற்றிரிபெனக் கருதி, ‘கர்ணகி’ என ‘மீட்டு’ அமைத்தனர் போலும். தமிழ்நாட்டுக் கோவலன் கதைப் பாடல்களிலும் இத்தகு வடிவம் காணப்படுதலின், இஃது எல்லையின் இருபுறத்தும் நிகழ்ந்த மிகைத்திருத்தம் எனலாம். பெயரையே உயர்த்தி வழங்கும் மனப்பாங்கு இதில் தெரிகின்றது. கண்ணகியின் ஏற்றத்தைத் தத்துவ ஏற்றமாக்கும் திறனாய்விலும் இதே மனப்பாங்கைக் காண்கிறோம்.

யூத மரபை இங்கு ஒப்பிடுதற்கு நிலவியல் சார்ந்த காரணமும் உண்டு. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த வஞ்சி கொடுங்கல்லூர்ப் பகுதியே என்பது ஒரு சாரார் கொள்கை. கருவூரே என்பது மறுசாரார் கொள்கை. அக்கொடுங்கல்லூரே கேரள யூதர்களின் நினைவில் ‘ஷிங்ளி’ என நிலைத்த ஊராகும். கி.பி. 1000ஐ ஒட்டி, முயிரிக்கோட்டிலிருந்து பாஸ்கர ரவி வர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த நெகெமியா மோத்தா என்னும் யூதப் புலவரின் கல்லறை மட்டாஞ்சேரியில் உள்ளது. அவர் கபாலா மறைஞானியாகப் போற்றப்படுபவர். அக்கல்லறையில் யூதரல்லாதாரும் விளக்கேற்றி வழிபடும் வழக்கம் உண்டு. எனவே, கண்ணகியைப் பாடும் நிலமும் கபாலா அறிந்தோர் வாழ்ந்த நிலமும் தொடர்பற்றவை அல்ல. எனினும், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது நம் கருத்தன்று. ஒப்புமை நோக்கு மட்டுமே இவண் மேற்கொள்ளப்படுகின்றது.

3. யூத மரபில் ஏற்றத்தின் மூவகை

யூத மரபின் ஏற்றங்களை மூவகையாகப் பகுத்துக்காண இயலும்.

முதலாவது, எடுத்துக்கொள்ளப்படுதல். ஆதியாகமத்தில் ஏனோக்கு இறைவனால் எடுத்துக்கொள்ளப்படுகின்றான். எலியாவோ தீத்தேரும் தீக்குதிரைகளும் தோன்றச் சுழல்காற்றில் விண்ணேறுகின்றார். எலியாவின் கதையை உரைக்கும் எபிரேயப் பகுதியில் (இரண்டாம் அரசர் நூல், 2ஆம் இயல்) மூன்று வினைவடிவங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இறைவன் அவரை ஏற்றவிருந்த காலத்தைக் கூறுமிடத்துப் பிறவினை; ‘நான் எடுக்கப்படுவதை நீ காண்பாயாயின்’ என்னும் பொருள்பட எலியா தம் மாணாக்கர் எலிசாவிடம் கூறுமிடத்துச் செயப்பாட்டுவினை; நிகழ்ச்சியைக் கதைசொல்லி கூறுமிடத்து, ஏறினார் என்னும் தன்வினை. ஒரே நிகழ்ச்சி, சொல்பவர்க்கும் காண்பவர்க்கும் ஏற்ப வினை மாறுகின்றது. காண்பான் ஒருவன் இருத்தல் இவ்வேற்றத்தின் உறுப்பாகவே அமைகின்றது.

இரண்டாவது, முயன்று ஏறுதல். ‘ஹெக்காலோத்’ எனப்படும் மாளிகை இலக்கியங்களில் ஞானி ஏழு மாளிகைகளைக் கடந்து இறைவனின் தேராகிய ‘மெர்க்கபா’வைக் காண முயல்கின்றான். ஒவ்வொரு வாயிலிலும் காவலர் உளர். அவர்க்குக் காட்டவேண்டிய முத்திரைகளும் திருப்பெயர்களும் உள. தகுதியற்றோர்க்கு அழிவு நேரும். தல்மூத் கூறும் நால்வர் கதையும் இவ்வச்சத்தையே உணர்த்துகின்றது. ‘பர்தேஸ்’ எனும் சோலையுள் புகுந்த நால்வருள் ஒருவர் இறந்தார். ஒருவர் அறிவு திரிந்தார். ஒருவர் நெறி பிறழ்ந்தார். அக்கிவா ஒருவரே அமைதியுடன் மீண்டார். வியப்பிற்குரிய செய்தி, இவ்வாறு ஏறுவோரை அவ்விலக்கியம் பலவிடத்தும் ‘தேருக்கு இறங்குவோர்’ என்றே குறிப்பதாகும். இச்சொல்லாட்சிக்கு ஆய்வாளர் தரும் விளக்கங்கள் பல. மேலே செல்லுதலும் ஆழச் செல்லுதலும் மறைஞான மொழியில் எளிதில் இடம்மாறக் கூடியன என்பது நமக்குப் போதும். ‘ஆழ்வார்’ என்பதை ‘ஆழ்’ எனும் வினையொடு பொருத்தும் நம் மரபு விளக்கத்தையும் இங்கு நினைக்கலாம். அஃது ‘ஆள்வார்’ என்பதன் திரிபே எனக் கல்வெட்டுச் சான்று காட்டி மறுப்பாரும் உளர்.

மூன்றாவது, பிறவிதோறும் வளர்தல். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் பிரான்சில் வெளிப்பட்ட ‘பாகிர்’ நூலில் மறுபிறவிக் கருத்து தலைகாட்டுகின்றது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் தோன்றிய ‘சோகார்’ அதனை விரிக்கின்றது. சபெத் நகரில் வாழ்ந்த ஈசாக் லூரியாவின் (1534-1572) போதனைகளை அவர் மாணாக்கர் ஹயிம் வித்தால் எழுத்தில் வடித்தபோது அது முழுக் கோட்பாடாயிற்று. உயிர்க்கு ‘நெபேஷ்’, ‘ரூவாஹ்’, ‘நெஷாமா’ எனும் நிலைகள் உண்டு. கீழ்நிலையைச் சீர்செய்தவர்க்கே மேல்நிலை வாய்க்கும். ஒரு பிறவியில் முடியாதது மறுபிறவியில் தொடரும். ‘நெபேஷ்’ மூச்சையும் தொண்டையையும், ‘ரூவாஹ்’ காற்றையும், ‘நெஷாமா’ மூச்சையும் சுட்டிய பழஞ்சொற்களாகும். தமிழில் ‘உயிர்’ என்பதும் ‘உயிர்த்தல்’ எனும் வினையொடு உறவுடையது. இவ்வொற்றுமை உண்மையானது. ஆயினும், சொல்லின் பிறப்பு ஒத்திருத்தலால் கோட்பாடும் ஒத்திருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

4. ஏறு, போ

இனிச் சிலம்பிற்கு வருவோம். கட்டுரை காதையின் இறுதியில் கண்ணகி நெடுவேள் குன்றத்தின்மீது அடிவைத்து ஏறுகின்றாள். பின்னர்க் கோவலனொடு வானவூர்தியில் ஏறுகின்றாள். இரண்டிடத்தும் வினை ‘ஏறு’ என்பதே. முதல் ஏற்றம் காலால் நிகழ்வது. இரண்டாவது தேவர் கொணர்ந்த ஊர்தியால் நிகழ்வது. இரண்டையும் ஒரே வினையால் இணைத்த அடிகள், இடையில் பயிற்சி, தவம், அறிவுபெறுதல் என எதனையும் வைக்கவில்லை.

இடையில் உள்ளது ஒரு சொல் மட்டுமே. பூத்த வேங்கையின் கீழ் நின்று அவள் தன்னைத் ‘தீத்தொழிலாட்டியேன்’ என்கின்றாள். குன்றக்குரவையில் குறவர் அவளை யாரென வினவியபோதும் ‘கடுவினையேன்’ என்றே தன்னைக் கூறுகின்றாள். அரசவையில் தன் கணவன் கள்வனல்லன் என வழக்குரைத்து வென்றவள், ஊரை எரியூட்டியவள், விண்ணேறும் தறுவாயில் தன்னைத் தூயவளாக அறிவிக்கவில்லை. ஹெக்காலோத் இலக்கியத்தில் ஏறுவோன் வாயில்தோறும் தன் தகுதியை நிறுவவேண்டும். கண்ணகியிடம் காட்டுதற்கு முத்திரை யாதும் இல்லை. அவள் ஏங்கி நிற்கின்றாள். வானோர் இறங்கி வருகின்றனர்.

இக்காதையின் இறுதியிலுள்ள வெண்பா, கணவனைத் தொழும் பெண்ணைத் தெய்வமும் தொழும் எனக் காரணம் கூறுகின்றதே என வினவலாம். அவ்வெண்பாவின் காலம் பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, அது கூறுவது அவள் ஏத்தப்பெறுதற்குரிய காரணத்தையே. ஏறும் வழியை அன்று. கற்பு அவள் கண்ட வழிமுறையாகக் காவியத்தில் இல்லை; அவள் இயல்பாகவே உள்ளது.

பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் குறவர். இந்திரனின் தமர் திரண்டு, அவள் கணவனைக் காட்டி, அவளொடும் சென்றதைத் தம் கண்ணாற் கண்டதாக அவர் உரைக்கின்றனர். கதைசொல்லி ‘ஏறு’ என்ற இடத்துக் குறவர் ‘போ’ என்கின்றனர். அவர் கூற்றில் ‘கட்புலம்’, ‘விண்புலம்’ என்னும் இரு தொடர்கள் இணைந்து நிற்கின்றன. ‘புலம்’ என்பது நிலத்தையும் குறிக்கும், பொறியறிவின் எல்லையையும் குறிக்கும். கண்ணுக்கு எட்டும் புலத்திலிருந்து எட்டாப் புலத்திற்குப் போதலே குறவர் அறிந்த விண்ணேற்றம். அதற்குமேல் அவர் விளக்கம் தரவில்லை. வியப்பு என்று மட்டும் கூறுகின்றனர்.

ஆகவே, யூத மரபின் மூவகையுள் கண்ணகியின் ஏற்றம் முதல்வகையையே ஒத்தது. எலியாவிற்கு எலிசா போலக் கண்ணகிக்குக் குறவர். ஏட்டறிவோ அரசுரிமையோ இல்லாத மலைமக்களின் சாட்சியே சேரனின் செவியை எட்டி, காவியத்திற்கும் கோயிலுக்கும் வித்தாகின்றது. மதுரை அவையில் ஒரு பெண்ணின் கணவன் ஆராயாது கொல்லப்பட்டான். மலையில் அவள் பொருட்டுக் கண்டவர் வாய்ச்சொல் தடையின்றி ஏற்கப்பட்டது. படியேற்றக் கோட்பாட்டை இங்குப் புகுத்தினால் இந்நீதி முரண் மறைந்துபோகும்.

5. நீலியின் ஏணி

சிலம்பில் ஏணியே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது கண்ணகிக்குரியதன்று. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் பழம்பிறப்பைக் கூறுகின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் வாணிகம் செய்த சங்கமனை, அரசன் ஏவலனான பரதன் பகைவரின் ஒற்றனெனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி அழுது அரற்றிப் பதினான்கு நாள் கழிந்தபின் மலையுச்சி ஏறி, உயிர்நீத்துக் கணவனைக் கூடினாள். தமக்கு இத்துயர் செய்தோர் இதனையே எய்துக என்பது அவள் இட்ட சாபம். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான்.

நீலி ஏறிய மலையை வானத்து ‘ஏணி’ என்றே அடிகள் குறிக்கின்றார். யாக்கோபு கனவிற் கண்ட ஏணியை இங்கு நினைப்பவர் உண்டு. ஆனால் அவ்வேணியில் தூதர் ஏறவும் இறங்கவும் செய்தனர்; நீலியின் ஏணி ஒருவழிப் பாதை. அவள் ஏறினாள், கீழே சாபத்தை விட்டுச் சென்றாள்.

நீலிக்கும் கண்ணகிக்கும் பதினான்கு நாள் என்னும் கால எல்லையும் மலையேற்றமும் பொதுவாதலும், ஏறத்தாழ ஒரே சொற்கோவை இருவர்க்கும் ஆளப்படுதலும் தற்செயல் ஆகா. இருவரும் அரசின் தவற்றால் கணவனை இழந்தவர். இருவரும் மலையேறுகின்றனர். நீலி பிறரைச் சபித்து ஏறினாள். கண்ணகி தன்னையே நொந்து ஏறினாள். வளர்ச்சி என ஒன்று இக்காவியத்தில் உண்டெனின், அது இவ்விரு ஏற்றங்களுக்கும் இடையில் உள்ளது. லூரியா மரபில் மறுபிறவி ‘திக்குன்’ எனும் சீர்செய்தலின் பொருட்டு நிகழ்கின்றது. முற்பிறவியிற் குலைந்ததை அவ்வுயிரே வந்து சீர்செய்யும். சிலம்பிலோ குலைத்தவன் பரதன், சபித்தவள் நீலி. சாபத்தொடரை மேலும் நீட்டாது நிறுத்துபவள் கண்ணகி.

6. பற்றுவழிச் செல்லுதல்

‘கில்குல்’ எனும் எபிரேயச் சொல் ‘உருளுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. தமிழ் ‘ஊழ்’ முறைமையையும், வினையாக வருங்கால் முதிர்தல், மலர்தல், உதிர்தல் ஆகியவற்றையும் குறிப்பது. ஒன்று உருள்வது, மற்றொன்று பழுப்பது. உருள்வதை நிறுத்தவோ திருப்பவோ இயலும். பழுத்தது உதிர்ந்தே தீரும். இவ்விரு உருவகங்களையும் ‘மறுபிறப்பு’ என ஒரே சொல்லால் பெயர்க்கும்போது இவ்வேறுபாடு நழுவிவிடுகின்றது.

வரந்தரு காதை இதற்குத் தெளிந்த சான்று. கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் அரட்டன் செட்டிக்கு இரட்டை மகளிராகப் பிறந்துள்ளனர். மாதரி, திருமால் கோயில் தொண்டு பூண்ட சேடக்குடும்பியின் சிறுமகளாகப் பிறந்துள்ளாள். மாடலனின் கரகத்து நீர் தெளிக்கப்பட்டதும் சிறுமியர் மூவரும் பழம்பிறப்பு உணர்ந்து அரற்றுகின்றனர். மாடலன் தரும் விளக்கம் சுருக்கமானது: நல்லறம் புரிந்தோர் ‘பொற்படி’ எய்துவர், அன்பு மிக்கோர் தம் பற்றின் வழியே செல்வர். கண்ணகிமீது கொண்ட அன்பே அவர்களை அவள் கோயில் கொண்ட வஞ்சிக்கு இழுத்து வந்தது.

ஈண்டு ஒரு சொல்லாய்வுக் குறிப்பு இன்றியமையாதது. ‘பொற்படி’ என்பதிலுள்ள ‘படி’ ஏறும் படி அன்று. உலகம் எனும் பொருளது. பொன்னுலகம் என்பதே இதன் கருத்து. ஏணிக் கோட்பாட்டை மனத்திற் கொண்டு படிப்பவர் இதனைப் ‘பொன்னாலான படி’ எனக் கொள்ளும் இடர் உண்டு. அவ்வாறு கொண்டால், காவியம் சொல்லாத படிமுறை ஒன்று அதற்குள் நுழைந்துவிடும்.

கபாலாவில் பிறவி குறையைச் சீர்செய்ய வருவது. இச்சிறுமியரின் பிறவியிலோ சீர்செய்ய வேண்டிய குறை எதுவும் கூறப்படவில்லை. விட்டுப் பிரிய இயலாத அன்பு மட்டுமே உள்ளது. அவர்கள் ஏறவில்லை, அருகில் வந்தனர். மாடலனின் சொற்களில் ‘எய்தல்’ மேலுலகத்திற்கும், ‘செல்லுதல்’ அன்பின் வழிக்கும் வருதல் நோக்கத்தக்கது. அன்பின் வழியைத் தாழ்ந்ததெனப் பழிக்கும் சொல் ஒன்றும் அங்கில்லை.

7. ஏறிய பின்

கண்ணகியிடம் மாற்றம் காணப்படுவது விண்ணேற்றத்திற்குப் பின்னரே. வாழ்த்துக் காதையில் அவள் தெய்வ வடிவிற் காட்சி தந்து, பாண்டியன் குற்றமற்றவன் என்கின்றாள். அவன் இந்திரன் மாளிகையில் விருந்தினனாக உள்ளான் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறுகின்றாள். எவன் முன்னிலையில் சிலம்பை உடைத்தாளோ அவனையே தந்தை என்கின்றாள். தன் கணவனின் குற்றமின்மையை நிறுவியவள், இறுதியில் எதிரியின் குற்றமின்மைக்கும் தானே சான்றாகின்றாள். மேலும், முருகன் குன்றில் விளையாட்டினின்றும் நீங்கேன் என்கின்றாள். விண்ணுக்குப் போனவள் மலையை விடவில்லை.

இம்மாற்றத்தை ஏற்க இயலாதவராய் நின்றவர் சாத்தனார். மணிமேகலையின் வஞ்சிமாநகர் புக்க காதையில் கண்ணகியின் படிமமே மணிமேகலையிடம் பேசுகின்றது. மதுரையை எரித்த சினத்தின் பாவம் தம்மை விடாது. துறக்க இன்பம் முடிந்தபின் பிறவிகள் தொடரும். புத்தன் தோன்றி அறம் உரைக்குங்கால் அதனைக் கேட்டே விடுதலை வாய்க்கும் என்கின்றது. கணக்கு முழுமையாகத் தீர்க்கப்படவேண்டும் எனும் இந்நோக்கே கபாலாவின் உயிர் வளர்ச்சிக் கோட்பாட்டிற்கு நெருக்கமானது. யூத மறைஞானத்தின் படிமுறையைத் தமிழில் ஒப்பிட விரும்புவோர் சிலம்பை விடுத்து மணிமேகலையை நாடுதலே தகும். அடிகள் கணக்கை முடிக்கவில்லை; மன்னிப்பால் அதனை மூடிவிடுகின்றார்.

கேரளத் தோற்றம் பாட்டு மரபு மூன்றாவது வழியைக் காட்டுகின்றது. அதன் சில வடிவங்களில் கொலையுண்ட கணவன் உயிர்பெற்று எழுகின்றான். கணவன் மீண்டால் விண்ணேற்றத்திற்குத் தேவை குறைகின்றது. அங்கு முதன்மை பெறுவது தேவி வந்து தோன்றுதலே. ‘தோற்றம்’ எனும் பெயரும் அதனைக் காட்டுகின்றது. காவியத்தில் ஏறிப்போனவள் பாட்டில் இறங்கி வருகின்றாள். ‘தேருக்கு இறங்குவோர்’ எனும் எபிரேய வழக்கைப் போலவே, ஏற்றமும் இறக்கமும் இங்கும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

8. நிறைவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படும். யூத மரபில் எடுத்துக்கொள்ளப்படுதல், முயன்று ஏறுதல், பிறவிதோறும் வளர்தல் என ஏற்றம் மூவகைப்படும். மூன்றையும் ஒன்றாக்கிக் கண்ணகியொடு ஒப்பிடுதல் பிழை. கண்ணகியின் ஏற்றம் முதல்வகையது. தகுதிச் சோதனையால் அன்றிச் சாட்சியால் நிலைபெறுவது. சிலம்பின் ஏணி நீலிக்கு உரியது. அது சாபத்தின் ஏணி. அன்புடையோர் பிறவி ஏறுவழி அன்று, அருகு சேரும் வழி. கண்ணகியின் உள்ளம் மாறுவது ஏறிய பின்னரே.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவது வெறும் சொல்லாராய்ச்சிக்காக அன்று. துயருற்ற பெண்ணின் கதையை ‘ஆன்ம வளர்ச்சி’ எனப் பெயர்மாற்றினால், கோவலன் கொலை அவ்வளர்ச்சிக்கு ஒரு படியாகிவிடும்; பாண்டியன் பிழையும் பயனுள்ள பிழையாகிவிடும். அடிகள் அவ்வாறு கூறவில்லை. பிழை பிழையாகவே நின்றது. அரசன் அதற்கு உயிர் கொடுத்தான். மன்னிப்பு பின்னர் வந்தது; அதனை வழங்கும் உரிமை கண்ணகிக்கு மட்டுமே இருந்தது. மங்கலதேவி மலை எம்மாநிலத்தின் எல்லைக்குள் அடங்கும் என்பதை நில அளவையாளர் முடிவு செய்யட்டும். அம்மலையேறியவள் தன்னைக் குற்றவாளி என்றே சொல்லி நின்றாள் என்பதையும், அவளுக்காகச் சான்று கூறியோர் மலைக்குறவரே என்பதையும் மறவாது படித்தல் திறனாய்வாளர் கடன்.